இருபத்திரண்டு காலடி

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே ஒத்துக்கொள்கிறேன், அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்கறிக் கடைக்காரர் என் தலையைப் பார்த்ததும் தராசுத் தட்டை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் நிறுப்பார். மாடி வீட்டுக்காரர்கள் நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள். தண்ணீர் விநியோக ஆபீசில் புகார் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, தெருவைத் தோண்டியவன் மூடாமல் போய்விட்டான் என்று ஊர்க் குறையெல்லாம் என் காதில்தான் வந்து விழும். அப்படிப்பட்டவளுக்கு வாய் வளராமல் வேறு எது வளரும்?

ஆனால் வருடத்தில் நான்கு நாள் என் வாய்க்கு லீவு. அது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். அவர் பஸ் டிரைவர். எப்போதும் சிரித்த முகம், எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல்.

"இந்தா, அங்க வந்து சண்டை கிண்டை போட்டேன்னா நான் பாட்டுக்குக் கடல்ல இறங்கி நடந்து போயிடுவேன். வருஷம் பூரா ஹாரன் சத்தம் கேக்கறவன் நான். நாலு நாள் நீ ஹாரன் அடிக்காம இரு" என்பார்.

அங்கே என்றால் கடற்கரையில் இருக்கிற அந்த ரிசார்ட். பதினாறு வருடமாக ஒரே ரிசார்ட், ஒரே அறை, ஏழாம் நம்பர். தரைத்தளம். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் சின்ன வராந்தா. வராந்தாவிலிருந்து இறங்க ஒரே ஒரு படி, பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. அப்புறம் சிமெண்டுப் பாதை, பாதை முடிகிற இடத்தில் மணல், மணல் முடிகிற இடத்தில் கடல். வேறு எந்த ஊருக்கும் போகத் தோன்றியதே இல்லை. எங்களுக்கு சொந்தமென்று போய் இறங்க வேறு வீடு கிடையாது, இதுதான் அது என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படி நினைக்கக் காரணம் சூப்பு. அது நாங்கள் வைத்த பெயர். முதல் வருடம் போனபோது அவன் புதிதாகச் சேர்ந்த சர்வர். மேசைக்குக் கொதிக்கக் கொதிக்க சூப்பைக் கொண்டுவந்தவன், கிண்ணத்தோடு என் வீட்டுக்காரர் தொடையில் கவிழ்த்துவிட்டான். மனுஷன் துடித்துப்போனார். முதலாளி ஓடிவந்து, "உன்னை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பறேன் பாரு" என்று அவனைப் பார்த்துக் கத்தினார். அவன் முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவர் மேல தப்பில்லைங்க. நான்தான் கையை ஆட்டிப் பேசினேன், என் முழங்கை பட்டுடுச்சு" என்றார். சுத்தப் பொய். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்த மனுஷன். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

அன்றையிலிருந்து நான் அவனுக்கு அக்கா, அவர் மாமா. அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் பிறந்தது எல்லாம் எங்களுக்குத்தான் முதலில் போன் வரும். சர்வர் கேப்டனானான், கேப்டன் அசிஸ்டெண்ட் மேனேஜரானான், ஐந்து வருடமாக அவன்தான் மேனேஜர். அதில் எங்களுக்கு என்ன பெருமை! ஏதோ நாங்களே படிக்க வைத்து ஆளாக்கின மாதிரி ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிளம்புகிற நாளில் கவுண்டரில் ஒரு ஃபார்ம் கொடுப்பார்கள். அறை சுத்தம், சாப்பாடு, பணியாளர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம் இருக்கும், எத்தனை வட்டம் கறுப்பாக்குகிறோமோ அத்தனை மார்க். "மார்க் குறைஞ்சா யாராவது ஒருத்தருக்கு ஷிஃப்ட் போயிடும் மாமா" என்று சூப்பு என்றைக்கோ ஒருநாள் சொல்லிவிட்டான். போதாதா? அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஐந்து வட்டம் போடுவார். சுடுதண்ணீர் வராத வருடமும் ஐந்து. படுக்கையில் எறும்பு ஊர்ந்த வருடமும் ஐந்து. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசிக் கேள்வி, 'மீண்டும் வருவீர்களா?' அதில்தான் அவர் கைவரிசையைக் காட்டுவார். 'காலி பண்ணச் சொன்னதால்தான் போகிறோம்' என்று ஒரு வருடம். 'கடலை இடம் மாற்றாமல் வைத்திருந்தால் வருவோம்' என்று ஒரு வருடம். 'மனைவி விட்டால் தனியாக வருவேன்' என்று எழுதிய வருடம் ஊர் வந்து சேரும்வரை நான் பேசவில்லை.

போன வருடம் அங்கிருந்து திரும்பி மூன்றாவது மாதம், காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயிற்று, பேச்சு குழறிப்போயிற்று. உயிருக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது என்றார் டாக்டர். திரும்பியதே, அந்த மட்டும் சந்தோஷம் என்று வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

ஆனால் மனுஷன் திரும்பவில்லை. பிசியோதெரபிக்கு வருகிற பெண் பொறுமைசாலி. காலைத் தூக்குங்க சார் என்றால் சுவரைப் பார்ப்பார். இடது கையால் எழுதிப் பழகட்டும் என்று ஒரு சிலேட்டு கொண்டுவந்தாள். "உங்களுக்குப் பிடிச்ச வார்த்தை எது வேணா எழுதுங்க சார், ஒரே ஒரு வார்த்தை" என்றாள். "என் பேரை எழுதுங்களேன்" என்று நான் பல்லை இளித்துக்கொண்டு போய் நின்றேன். சிலேட்டை வீசி எறிந்தார். அது அலமாரிக் காலில் பட்டு மூலை உடைந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார், ஒவ்வொரு வார்த்தையாக, கல்லைப் புரட்டுகிற மாதிரி: "ஏழாம் நம்பர்ல இருந்து... மணல்... எத்தனை காலடி?"

ஸ்பூனைப் போட்டுவிட்டு அப்போதே சூப்புக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னதும், "இருங்கக்கா, இப்பவே நடந்து பாக்கறேன்" என்றான். கதவு தள்ளுகிற சத்தம், கடல் சத்தம், அவன் எண்ணுகிற சத்தம் எல்லாம் கேட்டது. "இருபத்திரண்டு அக்கா. சின்னக் காலடியாத்தான் வச்சேன், மாமா நடக்கற மாதிரி. மாமா, நீங்க வாங்க. நானே கையப் பிடிச்சு மணல்ல கொண்டுபோய் விடறேன்." இந்த வருடத்துக்கான தேதியையும் ஏழாம் நம்பரையும் அங்கேயே சொல்லி உறுதி செய்தேன். போனை வைத்தபின் நான் அழுதேன். அவர் அழவில்லை. தரையைக் காட்டி, "கோடு போடு" என்றார்.

படுக்கை அறை வாசலிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் சாக்பீஸால் இருபத்திரண்டு கோடு கிழித்தேன். முதல் மாதம் நான்கு கோடு தாண்டினார். அப்புறம் ஒன்பது. நடுவில் ஒருநாள் விழுந்து நெற்றி புடைத்தது, மறுநாள் தானே ஊன்றுகோலைக் கேட்டார். கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால், இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டாவது கோட்டில் வந்து நின்றார். நான் சமையலறைக்குள்ளிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன். "தண்ணி... சில்லுனு இருக்கு" என்றார்.

அந்த ஒரு கிண்டலுக்கு நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நிஜ மணலில் கால் வைத்துவிட்டால் இவர் பிழைத்துவிடுவார் என்று நம்பினேன். பிசியோ பெண்ணும் அதையேதான் சொன்னாள். "அங்க போய் நடந்துட்டு வரட்டும் ஆன்ட்டி, அப்புறம் பாருங்க சாரை."

போனோம். பிரயாணத்துக்கென்று இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் அவரை வைத்து ரிசப்ஷனுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். கவுண்டரில் ஒரு புதுப் பெண். வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றாள்.

"வெல்கம் மேடம். உங்களுக்கு இருபத்திமூணு."

"ஏழு" என்றேன்.

"இல்ல மேடம், இருபத்திமூணுதான் போட்டிருக்கு. மாடியில."

"மாடியா? லிஃப்ட் எங்க?"

"ரிப்பேர் மேடம்."

என் வாய் லீவை ரத்து செய்துவிட்டு எழுந்து நின்றது. அவர் இடது கையால் என் மணிக்கட்டைத் தொட்டார். அதற்குள், "அக்கா! மாமா!" என்று சூப்பு வந்துவிட்டான். கையில் இரண்டு போன், கழுத்தில் டை, கொஞ்சம் தொப்பை. குனிந்து அவரைக் கட்டிக்கொண்டான். "மாமா, சூப்பரா இருக்கீங்க. அக்கா, ஒரே ஒரு ராத்திரி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. ஒரு பெரிய கம்பெனி மீட்டிங், கீழ மொத்தமும் அவங்க எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஏழு உங்களுக்கு. நானே மேல வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நாங்க எப்ப சொல்லி வச்சோம்? நீதானே..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்ல" என்றார் அவர். நாற்காலியிலிருந்து, குழறலாக. "பரவால்ல... விடு."

சக்கர நாற்காலி மாடி ஏறாது. இரண்டு வேலையாட்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அவரை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தபோது அவருடைய வலது கால் தொங்கி ஆடியது, செருப்பு நழுவி இரண்டு படி கீழே விழுந்தது. எதிரே இறங்கிவந்த கம்பெனி ஆட்கள், கழுத்தில் அட்டை மாட்டியவர்கள், சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். "பாவம்" என்றது ஒரு குரல். முப்பத்தொரு வருடம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைவளைவெல்லாம் ஓட்டியவர். கண்ணை மூடிக்கொண்டார்.

இருபத்திமூன்றாம் நம்பர் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியும் சமையலறைப் புகைக்குழாயும்தான் தெரிந்தது. கடல் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. குளியலறைக்குள் போக நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒரு தடுப்பு. உட்காரவைத்துக் குளிப்பாட்ட ஒரு ஸ்டூல் கேட்டு மூன்று தடவை போன் செய்தேன். "அனுப்பறோம் மேடம்" என்றார்கள். ஸ்டூல் வரவில்லை. தேநீர் ஒரு மணி நேரம் கழித்து ஆடை படர்ந்து வந்தது. அதற்கும் அவர் பரவாயில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒரு ராத்திரிதானே என்று வயிற்றுக்குள் தள்ளினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே அவருக்கு அரைக்கை சட்டை போட்டு, இதற்கென்றே வாங்கிய புது கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டேன். கட்டில் ஓரத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்தார், ஊன்றுகோல் முழங்காலுக்கு நடுவில். ஸ்கூலுக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி இருந்தது பார்க்க. பத்தாயிற்று. பத்தரை ஆயிற்று. வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊன்றுகோலை இறுக்கிப் பிடிப்பார், சத்தம் தாண்டிப் போய்விடும். பதினொன்றுக்கு நான் போன் செய்தேன். "மேனேஜர் மீட்டிங் ஹால்ல இருக்கார் மேடம், சொல்றேன்." பன்னிரண்டுக்கும் அதே பதில். ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. ஷூவோடேயே சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு, "கழட்டு" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாங்க. வந்துடுவான்."

"கால் வீங்குது."

ஷூவைக் கழற்றினேன். புது ஷூவின் தையல் அவருடைய பாதத்தில் பதிந்திருந்தது. அவரைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

நேரே ஏழாம் நம்பருக்குத்தான் போனேன். யார் அந்த மகராசன் என்று பார்த்துவிட வேண்டும், கேட்டால் ஒருவேளை அவரே மாற்றிக்கொடுப்பார் என்று ஒரு நினைப்பு. வராந்தாப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். திரைச்சீலை பாதி விலகியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. அட்டைப்பெட்டிகள். சுருட்டிய பேனர்கள். ஒரு பெரிய ஸ்பீக்கர். எங்கள் கட்டில்மேல் கம்பெனி பெயர் போட்ட தொப்பிகள், நூறாவது இருக்கும், வரிசையாக அடுக்கி. தொப்பிகளுக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கவுண்டருக்கு வந்து, "ஏழாம் நம்பர் யாருக்குக் கொடுத்திருக்கு?" என்றேன்.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "மேடம், என் தப்பு எதுவும் இல்ல மேடம். உங்க பேருல என்ன இருக்கோ அதைத்தான் செஞ்சேன். நீங்களே பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவிட்டாள். பழகின கை அப்படித் திருப்பியிருக்காது.

என் பெயர். அவர் பெயர். பதினாறு வருடத்துத் தேதிகள். அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம். படித்தேன்.

'அக்கா, மாமா என்று அழைக்கவும். சூப் சம்பவத்தை நினைவுபடுத்தினால் மகிழ்வார்கள். குறை சொல்லமாட்டார்கள். எப்போதும் முழு மதிப்பெண். அறை போதாவிட்டால் முதலில் இவர்களை மாற்றவும்.' நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே புதிதாக ஒரு வரி: 'கணவருக்குப் பக்கவாதம். 7 கேட்கிறார்கள்.' இரண்டுக்கும் பக்கத்தில் மேனேஜர் என்று அவனுடைய பெயர்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு ராத்திரி பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். போன வருடமும் முதல் நாள் வேறு அறைதான். தற்செயல் என்று நினைத்திருந்தேன். என்ன அசடு நான்!

மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். சூப்பு எழுந்து நின்றான். "அக்கா, உங்களைப் பாக்கத்தான் வந்துட்டே இருந்தேன்..."

"முதலில் இவர்களை மாற்றவும்னு எழுதினது நீதானா?"

அவன் வெளியே பார்த்தான், கவுண்டர் பெண்ணைத் தேடி. அப்புறம் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அது சும்மா சிஸ்டத்துக்காகப் போடறது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. வேற யாரை மாத்தினாலும் லாபியில நின்னு கத்துவாங்க, போன்ல படம் எடுத்துப் போடுவாங்க. எனக்கு மேல இருக்கறவன் என் கழுத்தப் பிடிப்பான். நீங்க நம்ம ஆளு. நீங்கதான் புரிஞ்சுக்குவீங்கன்னு..."

"இருபத்திரண்டுன்னு எண்ணிச் சொன்னது யாரு?"

கழுத்து டையைத் தளர்த்தினான்.

"ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்குக்கா."

"இருந்துமா தொப்பிக்குக் கொடுத்தே?"

மேசைமேல் போன் அடித்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒரு நிமிஷம்கா" என்று எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார்" என்றான். குரல் உடனே தேனாகிவிட்டது. அது எங்களுக்கு வருகிற அதே குரல்தான்.

நான் வெளியே வந்துவிட்டேன். ஊரையே ஓட ஓட விரட்டுகிற வாய், அங்கே திறக்கவில்லை. படி ஏறும்போது எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்து தொலைத்தது. மேசையைத் தட்டிக் கத்துகிறவன் புகார்ச் சீட்டை நான் மேலே வைப்பேன், அன்றைக்கே குழாய் ரிப்பேருக்கு ஆள் போகும். ஒரு அம்மா பதினோரு வாரம் வந்தாள். "பரவால்லம்மா, முடிஞ்சப்போ பாருங்க" என்றே சொல்லிவிட்டுப் போவாள். அவள் சீட்டு எப்போதும் அடியில்தான் கிடக்கும். நல்ல மாதிரி அம்மா என்று நான்தான் பக்கத்து மேசைக்காரியிடம் சொல்வேன். அதை நினைத்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறைக்குள் போனதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. முழுசாகச் சொல்லிவிட்டேன். தொப்பியைச் சொன்னேன், குறிப்பை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இடது கையால் வலது தொடையைத் தடவினார், தழும்பு இருக்கிற இடத்தில்.

"சூப் சம்பவம்" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். சூப்பு நின்றான், பின்னால் அந்த இரண்டு வேலையாட்கள், பிளாஸ்டிக் நாற்காலி. "மாமா, ஏழு காலி பண்ணியாச்சு. வாங்க, வெளிச்சம் இருக்கும்போதே நடந்துடலாம். நான் கையப் பிடிச்சுக்கறேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க" என்று நான் குனிந்தேன். "அவனை விடுங்க. கிடக்கிறான். நான் பிடிச்சுக்கறேன். இருபத்திரண்டுதாங்க. இதுக்காகத்தானே வந்தோம்."

"வேணாம்."

"எட்டு மாசங்க... உங்களுக்காக இல்லைன்னாலும் எனக்காக."

"வீட்டுக்குப் போலாம்" என்றார் சுவரைப் பார்த்து. பிசியோ பெண் வந்த முதல் நாள் பார்த்த அதே பார்வை.

மறுநாள் காலை மறுபடியும் அந்த நாற்காலியில் இறக்கினார்கள். கவுண்டருக்கு எதிரே சக்கர நாற்காலிக்கு மாற்றி உட்காரவைத்தோம். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார், கவுண்டர்மேல் அடுக்கியிருந்த ஃபார்மைப் பார்த்து.

"அக்கா, இந்தத் தடவை வேண்டாமே" என்றான் சூப்பு. "மாமாவுக்குக் கை..."

கவுண்டர் பெண் ஒரு ஃபார்மை அட்டையில் செருகி, பேனாவோடு அவர் மடியில் வைத்தாள். வட்டங்கள் பக்கம் அவர் போகவே இல்லை. நேரே கடைசிக் கேள்விக்குப் போனார். 'மீண்டும் வருவீர்களா?' பேனாவைக் கைமுட்டியால் பிடித்தார். அட்டை நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்து கோட்டைத் தாண்டிக்கொண்டு போயிற்று. இரண்டாவது அதன்மேலேயே ஏறியது. நெற்றியில் வியர்வை. எங்களுக்குப் பின்னால் கம்பெனி ஆட்கள் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். நான்கு நிமிடமாவது ஆகியிருக்கும்.

'மாட்டோம்.'

எட்டு மாதமாக அவர் எழுதப்போகிற முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். என் பெயராக இருக்கும் என்று ஒருநாள் நினைப்பேன், ஏதாவது கிண்டலாக இருக்கும் என்று ஒருநாள் நினைப்பேன். அந்த உடைந்த சிலேட்டைக்கூட எறியாமல் வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை இவன் பிடுங்கிக்கொண்டுவிட்டான்.

சூப்பு ஃபார்மை வாங்கினான். படித்தான். மெதுவாக நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கவுண்டர்மேல் ஃபார்ம் போடுகிற பெட்டி இருக்கிறது, பூட்டோடு, அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில்.

"பெட்டியில போடு" என்றேன்.

"அக்கா..."

"அக்கா இல்ல. இருபத்திமூணாம் நம்பர் கஸ்டமர். பெட்டியில போடு."

லாபி முழுக்கக் கேட்டிருக்கும். பதினாறு வருடத்தில் அந்த இடத்தில் என் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை அவர் என் மணிக்கட்டைத் தொடவில்லை. சூப்பு பையிலிருந்து எடுத்து, மடிப்பைப் பிரித்து, பெட்டியில் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியதா, அதுவும் எங்காவது குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் வேண்டாம்.

கார் ரொம்ப தூரம் கடலை ஒட்டித்தான் போனது. "ஏங்க, நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். நான்கு நாளென்று பூட்டிப் போனது, மூன்றாம் நாளே திறக்கிறேன். தரையில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. இருபத்திரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில், அவர் வந்து நின்ற அன்றைக்கு நான் வரைந்த ஒரு சின்ன அலைகூட இருந்தது. வாசல்படியில் நாற்காலியை நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவிட்டு, நாற்காலியைக் கோடுகளின் மேலேயே உருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.